முடியாட்சிச் சொற்களின் பிறப்பு



அரசாங்க ஏடுகளை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குவது எங்கள் தொழில். அத்தொழிலில் எங்களை அடிக்கடி மறித்து நிற்பவை முடியாட்சியைச் சார்ந்த சொற்கள். அவற்றின் பிறப்பை அறிந்தாலன்றிப் பொருளைப் பெயர்த்தல் அரிது.

'கிங்' பழைய ஆங்கிலச் சொல். சுற்றம், குலம் எனப் பொருள்படும் 'கின்' என்பதோடு உறவுடையது. 'குவீன்' என்பதற்குப் பெண், மனைவி என்பதே பழம்பொருள். 'லார்டு' என்பவர் முதலில் ரொட்டியைக் காப்பவர். 'லேடி' அதற்கு மாவு பிசைபவர். சோறளிப்பவரே தலைவர் என்னும் எண்ணம் நமக்கும் புதிதன்று.

1066-ஆம் ஆண்டில் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தை வென்றபின், அரண்மனையில் பிரெஞ்சு மொழி வழங்கலாயிற்று. 'ராயல்', 'ரெயின்', 'கிரௌன்', 'சாவரின்' ஆகியவை அவ்வழியே நுழைந்தன. ஆயினும் 'கிங்', 'குவீன்' இரண்டும் தம் இடத்தை விட்டு அசையவில்லை.

'கிரௌன்' என்பதன் இலத்தீன் மூலத்திற்கு மாலை என்று பொருள். அது மணிமுடியாகி, முடியணிந்தவராகி, இறுதியில் அரசாங்கத்தையே குறிக்கலாயிற்று. பழைய ஆவணத்தில் 'கிரௌனுக்கு உரிய நிலம்' என்றிருப்பதை 'மகுடத்தின் நிலம்' என்று பெயர்த்தால், அந்நிலத்தைப் பற்றி வழக்காடும் உழவர் என்ன உணர்வார்? 'அரசுக்குரிய நிலம்' என்றால்தான் எதிர்த்தரப்பு யாரென்பது அவருக்கு விளங்கும்.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், அரசிக்கு எதிராகப் போர் தொடுப்பதைக் குற்றமாக்கியது. 1950-இல் 'அரசி' என்ற சொல் நீங்கி, அவ்விடத்தில் 'இந்திய அரசாங்கம்' என்பது அமர்ந்தது.

'சாவரின்' என்பதன் வேர், 'மேலே' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். அதனிடையே ஒலியாமல் நிற்கும் 'ஜி' என்னும் எழுத்து, 'ரெயின்' என்பதோடு உறவுண்டு எனப் பிறழ எண்ணியதால் புகுந்தது. நம் அரசியலமைப்பின் முகவுரையில் வரும் அச்சொல்லை நாம் 'இறையாண்மை' என்கிறோம். 'இறை' என்றாலும் அரசனே. திருக்குறளில் அரசனின் சிறப்பைக் கூறும் அதிகாரம் 'இறைமாட்சி' எனப் பெயர் பெற்றது. இரு மொழியிலும் மன்னனுக்குப் பிறந்த சொல்லை, இன்று மக்கள் தமதெனக் கொண்டிருக்கின்றனர்.

ஆகவே, ஒரு சொல்லைப் பெயர்க்குமுன் அது எங்கே பிறந்தது என்பதோடு, இன்று யாருக்கு உரியது என்பதையும் கேட்டறிவோமாக.