கம்பியில்லா மைக்
(புதுக்கோட்டையில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



1886-இல் புதுக்கோட்டையிற் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் 1927-இல் சென்னைச் சட்டசபை அங்கத்தினராகிப் பெண்மக்கள் குறைகளை எடுத்துரைத்தார். அத்தகைய ஊரிற் கூடும் நாம், மேடையிலுள்ளோர் மட்டும் பேச, பின்வரிசையிலுள்ள மாதரும் வயோதிகரும் கேட்டுச் செல்வதே போதுமென்றிருத்தல் முறையன்று. கம்பியுள்ள மைக் கம்பியின் நீளத்துக்கு மேற் செல்லாது. கம்பியில்லா மைக்கோ கைக்குக் கை மாறிக் கடைசி வரிசையையும் அடையும்.

ஆயினும் இக்கருவியை முறையறிந்து அமைத்தல் வேண்டும். குரலை ரேடியோ அலையாக்கி அனுப்புவது மைக்; அவ்வலையை வாங்கி ஒலிபெருக்கிக்குக் கொடுப்பது ரிசீவர். மனித தேகம் இவ்வலையைத் தடுக்குமாதலால், ரிசீவரைச் சபையோர் தலைக்கு மேலாக, மறைப்பின்றி வைத்தல் நலம். இரண்டு மைக் உபயோகிப்பின் ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை வேண்டும். இன்றேல் ஒன்றையொன்று கெடுக்கும். புதிய பாட்டரி இடுக. கூட்டம் தொடங்குமுன் ஒருவர் மைக்கில் பேசியவாறே கடைசி வரிசைவரை நடந்து, குரல் அறுபடும் இடமுண்டாவென்று சோதிக்க. மைக்கின் தலையைக் கையால் மூடுதலும், ஒலிபெருக்கிக்கு முன் நின்று பேசுதலும் கூடா. வெளிவந்த ஒலி மீண்டும் மைக்கிற் புகுந்து வீறிடும்.

இத்தனையும் செய்து, மைக் மேடையிலேயே தங்கிவிடின் பயன் என்ன? அடுத்த கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசித்தவுடன், முதலில் மாதர் பக்கத்துக்கும், அடுத்துக் கடைசி வரிசைக்கும் அதை அனுப்புமாறு காரியதரிசி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.