புளியா, புலியா?

வரதய்யபாளையம் கற்போர் கூட்டத்தில் ஆற்றிய உரை

கடைக்குப் போகிறீர்கள். "கால் கிலோ புளி கொடுங்கள்" என்று கேட்கிறீர்கள். ஒரே சந்தடி. கடைக்காரர் காதில் "புலி" என்று விழுகிறது. அவர் பயந்து ஓடுகிறாரா? இல்லை. புளியைத்தான் நிறுத்துத் தருகிறார். காது பாதி கேட்டது. மீதியை அறிவு நிரப்பியது.

மனிதர் பேச்சைப் புரிந்துகொள்வது இப்படித்தான். இதை இயந்திரத்துக்குச் சொல்லித்தர முடியுமா? முடியும் என்று உழைத்தவர்களில் ஒருவர் ராஜ் ரெட்டி.

அவர் சித்தூர் மாவட்டம் காட்டூரில் 1937ஆம் ஆண்டு பிறந்தார். விவசாயக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரி வாசலை மிதித்தவர் அவர்தான். 1958இல் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். பிறகு ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் படித்தார்.

1970களில் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் அவரும் உடன் உழைத்தவர்களும் 'ஹியர்சே' என்ற கணினி அமைப்பை உருவாக்கினார்கள். அதனோடு சதுரங்கம் ஆடலாம். எந்தக் காயை எங்கே நகர்த்துவது என்று வாயால் சொன்னால் போதும். சொன்னது தெளிவாக விழாவிட்டால் அது என்ன செய்யும்? ஆட்டம் இருக்கும் நிலையைப் பார்க்கும். அங்கே எந்தக் காய் நகர முடியும் என்று கணக்கிடும். முடியாததைத் தள்ளிவிடும். கடைக்காரர் செய்த அதே வேலை!

அடுத்து வந்த அமைப்பில் ஒரு பகுதிக்கு ஒலி தெரியும். ஒரு பகுதிக்குச் சொல் தெரியும். இன்னொன்றுக்கு வாக்கியம் தெரியும். எல்லாம் தங்கள் ஊகத்தை ஒரே பலகையில் எழுதும். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவுக்கு வருவது போல அவையும் முடிவுக்கு வரும். 1976இல் அது சுமார் 1,000 சொற்களைக் கையாண்டது.

கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசு டூரிங் விருது. 1994ஆம் ஆண்டு விருது எட்வர்ட் ஃபைகன்பாமுக்கும் ராஜ் ரெட்டிக்கும் சேர்த்துக் கிடைத்தது.

இன்று கைப்பேசியிடம் பேசினால் அதுவே எழுதுகிறது. எழுதியதைப் படித்தும் சொல்கிறது. "பிறகு எழுத்து எதற்கு?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான்.

"முப்பது மூட்டை நெல்" என்கிறீர்கள். அது "முந்நூறு" என்று எழுதிவிட்டால்? உங்கள் வயல் அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எழுத்தும் தெரிந்தால் பிழை உடனே கண்ணில் படும். தெரியாவிட்டால் கைநாட்டு வைத்துவிட்டு வர வேண்டியதுதான்.

இயந்திரம் கேட்கட்டும். எழுதட்டும். புளியா புலியா என்று கடைசியில் பார்க்கும் கண் உங்களுடையதாக இருக்கட்டும்.