பெயர்ந்த கல்லும் பெயர் எழுதிய ஏடும்



பழைய இடுகாடு ஒன்றை இடம் மாற்ற வேண்டி வந்தால், தோண்டுவதற்கு முன் எழுத வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இதுதான். சென்னையில் கலைந்துபோன ஓர் இடுகாட்டைச் சான்றாகக் காட்டுகிறேன். அது கலைந்ததற்கும் நம் ஊரான புதுச்சேரிக்கும் தொடர்பு உண்டு.

1758 டிசம்பரில், புதுச்சேரியைத் தளமாகக் கொண்ட தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டது. பின்னாளில் சட்டக் கல்லூரி வளாகமான இடத்தில் அப்போது ஆங்கிலேயரின் கல்லறைத் தோட்டம் இருந்தது. உயர உயரமாய் எழுப்பிய அந்தக் கல்லறைகளின் மறைவில் நின்றுதான் படையினர் கோட்டையைத் தாக்கினார்கள். 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியது. இனி எந்த எதிரிக்கும் மறைவிடமாகக் கூடாது என்று ஆங்கிலேயர் தோட்டத்தைத் தரைமட்டமாக்கினார்கள். எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் கோட்டைக்குள் கொண்டுபோய், புனித மேரி தேவாலயத்தைச் சுற்றிப் பாவினார்கள்.

அத்தோடும் விடவில்லை. 1782இல் ஐதர் அலியுடன் போர் நடந்தபோது அதே கற்களைப் பெயர்த்துக் கோட்டை மதிலில் பீரங்கி நிறுத்தப் பயன்படுத்தினார்கள். பல கற்கள் சேதமடைந்தன. இன்றும் அந்தத் தேவாலய வளாகத்தில் நடந்தால் காலடியில் லத்தீன் எழுத்துகள் தட்டுப்படும். 1652இல் இறந்த எலிசபெத் பேக்கரின் கல்லும் அங்கே இருக்கிறது. பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது. எந்தக் குழியின் மேல் கிடந்த கல் என்பதை மட்டும் அந்தக் கல்லால் சொல்ல முடியாது.

தோட்டத்தில் தப்பி நின்றவற்றுள் ஒன்று, சென்னை ஆளுநராக இருந்த எலிஹூ யேலின் மகன் டேவிட் என்ற சிறுவனின் கல்லறை. 1921இல் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது என்பது சட்டம். உயர் நீதிமன்றத்துக்கு வாகன நிறுத்தம் கட்ட இடம் தேவைப்பட்டபோது வழக்கு வந்தது. கல்லறையை வேறிடத்துக்கு மாற்றும்படி 2023இல் தனி நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார். உயிரோடு இருப்பவர்களின் தேவையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் புனித மேரி தேவாலயத்தின் பதிவேடுகள் 1680 முதல் எழுதப்பட்டன. சென்னை மாகாணத்தின் கல்லறை வாசகங்களை ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் தொகுக்க, 1905இல் அச்சேறின. கல் எங்கே போனாலும் பெயர் தொலையாது என்று நம்ப இவைதான் துணை.

நம் ஊருக்கு வருவோம். 1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை இடித்துத் தள்ளினார்கள். கோட்டை போயிற்று, ஏடுகள் பிழைத்தன. 1676 தொடங்கிய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளைச் சுருக்கித் தொகுத்து, 1917 முதல் நூலாகக் கொண்டுவந்தார் ஆளுநராக இருந்த ஆல்ஃபிரெட் மார்த்தினோ. 1776இலேயே ஓர் அரசாணை, காலனிப் பதிவேடுகளின் ஒரு படியைப் பிரான்சுக்கு அனுப்பச் சொல்லியிருந்தது. அந்த ஏற்பாட்டின் பயனாகத்தான், பிரான்சின் எக்ஸ் நகரக் காப்பகத்தில் உள்ள நம் ஊர்ப் பதிவேடுகளை இன்று இணையத்தில் புரட்ட முடிகிறது. தாத்தாவின் பெயரைத் தேடும் சொல்தா (பிரெஞ்சுப் படைவீரர்) குடும்பங்களுக்கு இதன் அருமை தெரியும்.

ஏட்டிலும் ஏறாதவர்களை நினைத்தால்தான் மனம் கனக்கிறது. வசதி உள்ளவருக்குக் கல் இருக்கும். மற்றவருக்கு மண்மேடுதான், இரண்டு மழைக்காலம் போனால் அதுவும் தெரியாது. யார் எங்கே என்பது குழி வெட்டுபவரின் நினைவில் மட்டும் இருக்கும். அவரை யாரும் உட்கார வைத்துக் கேட்பதில்லை.

கேட்டுப் பதிந்தவர்களும் உண்டு. சிங்கப்பூரின் புக்கிட் பிரவுன் இடுகாட்டின் ஊடே சாலை போடப்போவதாக 2011இல் அரசு அறிவித்தது. ஏறத்தாழ 4,000 கல்லறைகள் வழியில் இருந்தன. மானிடவியலாளர் ஹுய் இயூ ஃபூங் தலைமையில் ஒரு குழு, எடுக்கப்படும் கல்லறைகளைப் படமெடுத்து, குடும்பங்களின் கதையைக் கேட்டு, எலும்பு எடுக்கும் சடங்கையும் சேர்த்துப் பதிந்தது. சாலை நின்றுவிடவில்லை. பதிவும் நின்றுவிடவில்லை.

அவ்வளவு பெரிய குழு நமக்கு வேண்டாம். வரும் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொண்டு போங்கள். வரிசை, பெயர், ஆண்டு, இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார் என்று எழுதுங்கள். மண்மேடுகளையும் விடாதீர்கள். குழி வெட்டுபவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அவர் பெயரோடு எழுதுங்கள். மற்ற சமயத்தாரும் தங்கள் இடுகாட்டில் இதைச் செய்யலாம். எழுதியதை இரண்டு படி எடுத்து, இரண்டு வெவ்வேறு கட்டடங்களில் வையுங்கள்.