வரிசையும் விரைவும்



மன்னார்த் தீவிலுள்ள தாழ்வுபாடு, கடலை நம்பி வாழும் ஊர். அவ்வூர்ப் பெயரின் ஈற்றில் நிற்கும் 'பாடு' என்ற சொல்லைக் கரையோர மக்கள் நன்கறிவர். கரைவலை இழுப்பதற்கென வரையறுக்கப்பட்ட கடற்கரைப் பகுதியைப் பாடு என்பது வழக்கு. ஒரு பாட்டில் ஒருவர் வலை வளைத்திருக்கையில், அதன் குறுக்கே மற்றொருவர் வலை இறக்க இயலாது. இரு பக்கக் கயிறுகளும் இழுபட்டு, மடி கரையேறிய பின்னரே அடுத்தவர் முறை வரும். இடம் ஒன்று, வலைகள் பல என்றால் முறை வேண்டும். கணினிக்குள்ளும் இதே நியதி ஆட்சி செய்வதை இன்று காண்போம்.

வங்கி, காப்புறுதி, வாணிபம் முதலிய துறைகளுக்கென, பெருங்கணினிக்கும் மேசைக் கணினிக்கும் இடைப்பட்ட நடுத்தரக் கணினிகள் தோன்றின. ஐ.பி.எம். நிறுவனம் 1988 ஜூன் மாதத்தில் அறிவித்த ஏ.எஸ். 400 இவற்றுள் புகழ்பெற்றது. அதன் வழிவந்த இயக்க முறைமை, 2008 முதல் ஐ.பி.எம். ஐ என்ற பெயரால் வழங்குகிறது.

இக்கணினியில் வேலைகள் இருவகை. ஊழியர் திரைமுன் அமர்ந்து, கேட்டவுடன் விடை பெறுவது ஒன்று. சம்பளப் பட்டியல், மாத இறுதிக் கணக்கு போன்றவற்றை ஒப்படைத்துவிட்டு, பின்னர் பயனைப் பெறுவது மற்றொன்று. இரண்டாவதையே தொகுதி வேலை என்கிறோம்.

ஒப்படைக்கப்பட்ட தொகுதி வேலை உடனே ஓடிவிடுவதில்லை. முதலில் ஒரு வரிசையில் போய் நிற்கிறது. எந்த வரிசை என்பதை, ஒப்படைப்பவர் வேறு கூறாவிடின், 'வேலை விவரம்' என்னும் குறிப்பே தீர்மானிக்கிறது. வரிசைக்குள் ஒன்று முதல் ஒன்பது வரை முன்னுரிமை எண்கள் உண்டு, ஒன்றே உயர்ந்தது. வரிசையிலிருந்து வேலையை எடுத்து நடத்துவது துணைமுறைமை. ஒரே வேளையில் எத்தனை வேலைகளை எடுக்கலாம் என்ற வரம்பும் அங்கேயே குறிக்கப்பட்டுள்ளது. வேலை உள்ளே வந்ததும், அது தாங்கிவரும் வழிக்குறிப்பை அட்டவணையோடு ஒப்பிட்டு, எந்த நினைவகப் பகுதியில், எந்த வேகத் தரத்தில் அது ஓடவேண்டும் என்று துணைமுறைமை முடிவு செய்கிறது.

வழக்கமான தொகுதி வரிசையின் வரம்பு பெரும்பாலும் ஒன்றே. ஆகவே ஐந்து மணி நேர வேலையொன்று முன்னே புகுந்துவிட்டால், இரண்டு நிமிட வேலை அதன் பின்னே காத்துக் கிடக்கும். பொறுமையிழந்தோர், "வரம்பை ஐந்தாக்கிவிட்டால் என்ன?" என்பர். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு வாணிப நிலையத்தில் அன்றைய விற்பனையை இருப்பேட்டில் பதிவது முதல் வேலை. அந்த ஏட்டைக்கொண்டு அறிக்கை அச்சிடுவது இரண்டாவது. வரம்பு ஒன்றாக இருந்தவரை, அறிக்கை பதிவுக்குப் பின்னரே ஓடியது. வரம்பை உயர்த்தியதும் இரண்டும் ஒருசேர ஓடும். பதிவு முடியுமுன் அறிக்கை வெளிவரும். கணினி பிழையெதுவும் கூறாது. தவறான எண்கள் அழகாக அச்சாகும். தாமதத்தை எல்லோரும் காண்பர். தவறான கணக்கை யாரும் காணமாட்டார். எனவே, தாமதத்திற்கு அஞ்சி ஒழுங்கை விற்றுவிடலாகாது.

ஆயின் செய்யத்தக்கது யாது? வேலைகளை அவற்றின் இயல்பறிந்து பிரித்தல் வேண்டும். ஒன்றையொன்று சாராத சிறு வேலைகளுக்குத் தனி வரிசை அமைத்து, அங்கே வரம்பை உயர்த்தலாம். நெடுநேர வேலைகளுக்கு வேறொரு வரிசை தரலாம். ஒன்றன் பயனை மற்றொன்று எதிர்பார்க்கும் வேலைகளை ஒற்றை வரிசையில் நிறுத்தவேண்டும். ஆனால் ஒற்றை வரிசையும் முழுக் காவலன்று. முன்னது இடையில் முறிந்தாலும் பின்னது தன் முறை வந்ததும் ஓடிவிடும். ஆதலால் அத்தகையவற்றை ஒரே வேலைக்குள் படிப்படியாக அடுக்கி, முன்படி செவ்வனே முடிந்தாலன்றி அடுத்த படி தொடங்காதவாறு செய்வதே சிறப்பு.

வரிசையின் பெயரை ஒவ்வொரு நிரலிலும் எழுதிவைக்காது, வேலை விவரத்தில் குறித்தல் நன்று. நாளை மாற்றம் வேண்டின் ஓரிடத்தில் மாற்றினால் போதும். புதிய வரிசையை ஏதேனுமொரு துணைமுறைமையோடு இணைக்கவும் மறக்கலாகாது. இணைக்காத வரிசையில் நிற்கும் வேலை, இணைக்கும்வரை அழைப்பாரின்றி நின்றுகொண்டேயிருக்கும்.

எந்த வேலை எதற்காகக் காத்திருக்கிறது என்பதை அறிந்தபின் விரைவைத் தேடுவோமாக.