கூச்சப்படாமல் ஒரு பரிசோதனை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



உடல்நலம் பற்றிப் பேசச் சொன்னார்கள். எல்லாரும் இதயத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் இன்னும் கொஞ்சம் கீழே இறங்குகிறேன். "மேடையில பேசுற விஷயமா இது?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்தக் கூச்சம்தான் என் அப்பாவைக் கொண்டுபோனது. மலத்தில் ரத்தம் கண்டும், "உடம்புச் சூடுப்பா, மூலமா இருக்கும்" என்று ஒரு வருடம் ஓட்டினார். பெருங்குடல் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவருக்கு வயது 46. நான் இங்கே இரண்டாம் ஆண்டு மாணவன்.

பெற்றோருக்கு இந்நோய் வந்திருந்தால், பிள்ளைகள் 40 வயதில், அல்லது பெற்றோருக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, இரண்டில் எது முந்தியதோ அப்போது கொலனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. என் கணக்கு 36. சென்ற ஆண்டு செய்துகொண்டேன்.

பரிசோதனையைவிட அதற்கான தயாரிப்புதான் பெரிய வேலை. இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, தக்காளி கிடையாது. முந்தின நாள் இளநீர், பால் கலக்காத டீ, வடிகட்டிய ஆப்பிள் ஜூஸ் மாதிரித் தெளிந்த பானங்கள் மட்டுமே. சிவப்பு நிறம் கூடாது; உள்ளே ரத்தம்போலத் தெரியும். பிறகு பேதிப் பொடி. எனக்குத் தந்ததை 2 லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதியை மாலையிலும் மீதியை விடியற்காலையிலும் குடித்தேன். உப்புக் கரிக்கும், குளிரவைத்தால் எப்படியோ இறங்கிவிடும். அப்புறம் ஓட்டம்தான்! காலையில் விடுதிக் கழிப்பறை வாசலில் வாளியோடு வரிசையில் நின்ற நமக்கு, வீட்டில் வரிசை இல்லாததே பெரிய நிம்மதி. கடைசியில் வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராக இருக்க வேண்டும். அரைகுறைச் சுத்தத்தில் சிறு கட்டி கண்ணில் படாது. சர்க்கரைக்கோ, ரத்தம் உறையாமலிருக்கவோ மருந்து சாப்பிடுவோர் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, மயக்க ஊசி போட்டார்கள். முனையில் கேமரா வைத்த வளையும் குழாய், ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பெருங்குடலையும் பார்த்து வரும். பைப்லைனைப் பிரிக்காமல் உள்ளே பார்ப்பது நம் தொழிலிலும் உண்டுதானே! 1954-ல் ஹாப்கின்ஸும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே பிம்பத்தைக் கடத்திக் காட்டினார்கள். 1969-ல் நியூயார்க்கில் வுல்ஃபும் ஷின்யாவும் வயிற்றைக் கிழிக்காமல், குழாய் வழியாகவே கட்டியை அகற்றினார்கள்.

எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. கண் விழித்து, "எப்ப சார் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டேன். "முடிஞ்சே போச்சு" என்றார் டாக்டர். 8 மில்லிமீட்டரில் ஒரு பாலிப் இருந்தது; கம்பிச் சுருக்குப் போட்டு அப்போதே எடுத்துவிட்டார்கள். புற்று இல்லை, ஆனால் விட்டால் புற்றாகக்கூடிய வகை. அப்படி மாறப் பொதுவாகப் பத்து வருடம்போல ஆகுமாம். என் வயது 36. கூட்டிப் பாருங்கள்.

ரத்தம் கண்டால் மூலம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். இன்று இரவு வீட்டுக்குப் பேசும்போது, "நம்ம குடும்பத்துல யாருக்காவது இது இருந்துச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். முக்கியமாக, அப்பாக்களைப் பேச வையுங்கள்.