காசநோய் ஒழிப்பும் நாடுகளின் கூட்டுறவும்

(பொன்விழாவையொட்டி நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



வெளிநாட்டு உதவி என்றதும் பால்பவுடரும் கோதுமை மூட்டையுமே நம்மில் மூத்தவர்களுக்கு நினைவு வரும். கொடுப்பவர் ஒரு பக்கம், கைநீட்டுபவர் மறு பக்கம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் நாடுகள் கூடி உழைத்த ஒரு முயற்சியில், நம் சென்னையின் ஏழைகள் உலகத்துக்கே ஒரு பாடம் கற்பித்தார்கள். அதைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறோம்.

ஒரு காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம்தான். மாதக்கணக்கில் படுக்கை, ஓய்வு, நல்ல காற்று, முட்டை, பால். நோயாளிகளோ லட்சக்கணக்கில், படுக்கைகளோ மிகச் சில. 1952 முதல் ஐசோனியாசிட் மாத்திரை புழக்கத்துக்கு வந்தது. அதை வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டுக் குணமடைய முடியுமா? குடிசையில் உடனிருக்கும் பிள்ளைகளுக்கு நோய் தொற்றாதா? இக்கேள்விகளுக்கு விடை காண 1956இல் சென்னை சேத்துப்பட்டில் ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. ஆங்கிலேய மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதனை வழிநடத்தினார்.

200க்குச் சற்றுக் குறைவான ஏழை நோயாளிகளை இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் படுக்கையும் ஊட்டமான உணவும் கிடைத்தன. மற்றவர்கள் நெருக்கடியான தம் வீட்டில், கிடைத்ததை உண்டு, ஓய்வும் குறைவாகவே பெற்றார்கள். இரு பிரிவினருக்கும் ஓராண்டு ஒரே மருந்து. 1959இல் முடிவு வெளிவந்தது: இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தார்கள். வீட்டாருக்கும் அதனால் நோய் கூடுதலாகத் தொற்றவில்லை. நோயைக் குணப்படுத்தியது கட்டிலன்று, தவறாமல் உட்கொண்ட மருந்தே என்பது தெளிவாயிற்று.

அதன்பின் பல நாடுகள் சானடோரியங்களைக் கைவிட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறின. உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் ஆகியவற்றின் துணையுடன் 1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் அமைந்தது. 1962இல் நம் நாட்டின் தேசியக் காசநோய்த் திட்டம் பிறந்தது. வெளியிலிருந்து வந்தது துணை. திட்டத்தைத் தோளில் சுமந்தது நம் அரசும் நம் ஊழியர்களும்.

அப்படியானால் உணவு முக்கியமில்லையா என்று தாய்மார்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சென்னை நிறுவனமும் பங்குகொண்ட ஓர் ஆய்வு ஜார்க்கண்டில் நடந்து, 2023இல் வெளியாயிற்று. நோயாளியின் வீட்டாருக்கு அரிசியும் பருப்பும் கொடுத்தபோது, அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. மருந்து நோயாளியைக் குணமாக்குகிறது. சோறு உடனிருப்பவரைக் காக்கிறது. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் அது 1000 ரூபாயாயிற்று.

அன்பர்களே, இத்தனை நாடுகளின் அறிவும் பணமும் சேர்ந்து உருவாக்கிய மருந்து, இலவசமாக நம் ஆரம்ப சுகாதார நிலையம்வரை வந்துவிட்டது. அங்கிருந்து நம் வீட்டு வாசல்வரையுள்ள தூரத்தைக் கடக்க வேண்டியவர்கள் நாமே. மகளின் கல்யாணம் தடைப்படுமே என்று இருமலை மறைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. ஆறு மாதச் சிகிச்சையைப் பாதியில் விட்டால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போகலாம். பிறகு சிகிச்சையும் கடினம், துன்பமும் அதிகம்.

ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைக்குச் செல்வோம். நோயுற்ற அயலாரை ஒதுக்காமல், "இன்று மாத்திரை சாப்பிட்டாயிற்றா?" என்று அன்போடு கேட்போம். முடிந்தவர்கள் அவர் வீட்டுக்கு ஒரு படி பருப்பு கொடுப்போம். உலக நாடுகள் தொடங்கிய கூட்டுறவு நம் தெருவில்தான் நிறைவு பெற வேண்டும்.