மருந்து தோற்றால் யார் பொறுப்பு?

(அம்பத்தூரில் தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கூலியையும் போனஸையும் பற்றிப் பேசுகிற மேடையில் இன்று கிருமியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பட்டறையில் தகடு கிழித்த காயம், வீட்டிலே பிரசவம், குழந்தைக்கு நிமோனியாக் காய்ச்சல் - கிருமி தொற்றினால் இந்த மூன்றிலும் உயிரைக் காப்பது ஆன்டிபயாடிக் மருந்து. அந்த மருந்து இன்று பல கிருமிகளிடம் தோற்று வருகிறது. மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019ம் ஆண்டில் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டார்கள் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு.

கிருமி தப்பும் வழி

கோடிக்கணக்கான கிருமிகளில் ஒன்றிரண்டு, பிறவியிலேயே மருந்தைத் தாங்கும்படி மாறியிருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிடும். இவை மிஞ்சிப் பெருகும். சில கிருமிகள் இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டாகின்றன. அதுமட்டுமல்ல, ஒரு பட்டறையில் கற்ற தொழிலை அடுத்த பட்டறைக்காரனுக்குச் சொல்லிக்கொடுப்பதுபோல, தப்பும் வித்தையை ஒரு வகைக் கிருமி வேறொரு வகைக் கிருமிக்கும் கைமாற்றுகிறது. ஆகவே வேண்டாத இடத்தில் மருந்தைக் கொட்டினாலும், வேண்டிய இடத்தில் குறைத்துக் கொடுத்தாலும் லாபம் கிருமிக்குத்தான். பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945ல் நோபல் பரிசு பெற்ற உரையிலேயே இந்த ஆபத்தை எச்சரித்தார்.

சென்னை காட்டிய வழி

கிருமியை வெல்ல முடியாது என்று யாரும் மலைக்க வேண்டாம். 1956ல் நம் சென்னையில், சேத்துப்பட்டில், காசநோய் சிகிச்சை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினரை சானடோரியத்தில் வைத்தார்கள்; மற்றவர்களை அவரவர் குடிசையிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். ஒரே மருந்தானால் கிருமி தப்பிவிடும் என்பதால் இரண்டு மருந்துகளைச் சேர்த்து, ஒரு வருஷம் கொடுத்தார்கள். 1959ல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான வீட்டில், அரைகுறைச் சாப்பாட்டில் இருந்த ஏழைகளும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். உலகமே இந்தப் பாடத்தைக் கற்றது. இலவச மருந்தும், வீடுதேடி வந்து கவனிக்கும் ஊழியரும், முழுக் கால சிகிச்சையும் இருந்தால் ஏழையும் பிழைப்பான் என்பதே அந்தப் பாடம்.

தரமணியிலிருந்து வந்த எச்சரிக்கை

2010 ஆகஸ்டில் அதே சென்னையிலிருந்து இன்னொரு சேதி வந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்து நுண்ணுயிரியல் ஆராய்ச்சியாளர் கார்த்திகேயன் குமாரசாமி, இங்கிலாந்து விஞ்ஞானிகள் முதலானவர்களுடன் சேர்ந்து, 'லான்செட்' மருத்துவ ஏடுகளில் ஒன்றில் ஆராய்ச்சி முடிவை வெளியிட்டார். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு கொடுக்கும் கார்பாபெனம் மருந்துகளையே முறித்துவிடும் என்.டி.எம்.-1 என்ற சக்தி, சென்னையில் எடுத்த கிருமி மாதிரிகளில் 44ல் இருந்தது. அரியானாவில் 26, இங்கிலாந்தில் 37. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மிஞ்சியவை இரண்டே மருந்துகள்!

உடனே கூக்குரல் கிளம்பியது. எதைப் பற்றி? பெயரில் 'நியூடில்லி' வரலாமா என்று! வெளிநாட்டு நோயாளிகள் வராமல் தடுக்கும் சதி என்று! ஓர் ஊரின் பெயரை வைத்ததில் குறை காண்பது நியாயமாகவும் இருக்கலாம். ஆனால் பெயரை அழித்தால் கிருமி அழியுமா? டில்லித் தண்ணீரைச் சோதித்த முடிவு 2011ல் வெளிவந்தது. 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2லும், தேங்கிய நீர் மாதிரிகள் 171ல் 51லும் அதே சக்தி இருந்தது. ஆஸ்பத்திரிச் சுவருக்குள் இருப்பதாக நினைத்தது தெருவுக்கு வந்துவிட்டது. கழிவு நீர் கலந்த கொரட்டூர் ஏரியையும் அம்பத்தூர் ஏரியையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

குற்றவாளி தொழிலாளியா?

"ஜனங்கள் கடையில் தாங்களாகவே மாத்திரை வாங்குகிறார்கள், பாதியில் நிறுத்துகிறார்கள்" என்று படித்தவர்கள் பழி சொல்கிறார்கள். ஏன் வாங்குகிறார்கள்? ஆவடியிலோ பூந்தமல்லியிலோ காண்ட்ராக்ட் வேலை செய்கிறவன் டாக்டரைத் தேடிப் போனால் ஒரு நாள் கூலி போகிறது. இரண்டு மாத்திரையில் காய்ச்சல் தணிந்தால் மிச்சத்தை அடுத்த முறைக்குப் பத்திரப்படுத்துகிறான். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நோய்க்காலத்துக்கு வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவிகிதக் கூலி உண்டு. ஆனால் பதிவே செய்யப்படாதவனுக்கு அது ஏட்டுச் சுரைக்காய். டாக்டர் சீட்டில்லாமல் முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை விற்கக்கூடாது, விற்றதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று 2014 மார்ச் முதல் விதி இருக்கிறது. விதியை அமல் நடத்த ஆள் வேண்டாமா?

புதிய மருந்து வரட்டும் என்றால், அதிலும் லாபக் கணக்கு குறுக்கே நிற்கிறது. சில நாள் சாப்பிட்டு நிறுத்தும் மருந்தில் ஆதாயம் குறைவு. நோவார்ட்டிஸ் கம்பெனி 2018ல் இந்த ஆராய்ச்சியையே கைவிட்டது. பிம்பிரியில் 1954ல் பொதுத்துறைப் பெனிசிலின் தொழிற்சாலையும், பிறகு சோவியத் உதவியுடன் ரிஷிகேசத்தில் ஆன்டிபயாடிக் ஆலையும் அமைத்த நாடு இது. அந்த வழி ஏன் கைவிடப்பட்டது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

செய்ய வேண்டியவை

நம் கையில் உள்ளதை முதலில் செய்வோம். ஜலதோஷத்துக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். அது வைரஸைக் கொல்லாது. டாக்டர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். காசநோய் மருந்தை, உடம்பு தேறிவிட்டதென்று நடுவில் விடவே கூடாது. ஒருவர் சீட்டில் மற்றவர் வாங்காதீர்கள்.

சர்க்காரிடமும் நிர்வாகத்திடமும் கேட்போம்: காண்ட்ராக்ட் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஈ.எஸ்.ஐ. பதிவு; எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு மசியும் என்று சோதிக்கும் வசதி, நம் எட்டுக்குள் இருக்கும் அரசு ஆஸ்பத்திரியில்; ஏரிகளில் கலக்கும் கழிவுக்குத் தடை; சுத்தமான குடிநீர்.

தோழர்களே! கிருமி ஒரு வீட்டில் பலம் பெற்றால் தெரு முழுவதற்கும் ஆபத்து. மருந்தின் வீரியம் தனி ஒருவர் சொத்தல்ல, அது ஊர்ச் சொத்து. ஊர்ச் சொத்தைக் காப்பதும் சங்கத்தின் வேலைதான். இந்தக் கோரிக்கைகளை நாளையே வாயிற்கூட்டங்களில் எடுத்து வையுங்கள்.